இடது கதவின் வேர்ப்பக்கம்

சென்ற மாதம் பட்டறை வேலையிலிருந்து விலகினேன். முப்பத்து நான்கு வயதில் விலகுவதை ஓய்வு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மாலை போட்டார்கள், காரம் இனிப்பு கொடுத்தார்கள், இரண்டு பேர் பேசினார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்தார். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் போகிறேன் என்பதைத் தவிர, மற்ற எல்லா வகையிலும் அது ஓய்வு பெறுகிற விழாதான்.

அன்று பட்டறையில் செதுக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் கவிதாவும் ரேவதியும் என்னைத் தனியாக ஓரங்கட்டினார்கள். சேந்தமங்கலத்தில் கட்டுகிற ஒரு கல்யாண மண்டபத்தின் மேடைக்குப் பின்னால் வைக்கப் பெரிய மரச்சிற்பம் ஒன்றுக்கு வேலை வந்திருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினில் பாதி, கையால் மீதி என்று முழுப்பொறுப்பும் அவர்கள் இருவருடையது.

"அக்கா, மொத மொதல்ல பெரிய வேலை எடுக்கையில உங்களுக்குப் பயமா இல்லீங்களா?" என்றாள் கவிதா.

"இப்பவும் பயமாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

"அதச் சொல்லாதீங்க. எப்படிச் சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க."

சமாளித்தேனா என்று எனக்கு இன்னமும் உறுதியாகத் தெரியாது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதித் தருகிறேன் என்றேன். மரவேலைச் சங்கத்து ஆண்டு மலருக்கும் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ஒரே கட்டுரையில் இரண்டு கடனும் தீரட்டும்.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டையாம்பட்டியில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தேன். சேலைக் கரைக்குப் பூ வரைந்து பழகியதில் ஓவியக் கல்லூரிக்குப் போனேன், அங்கே நான்கு வருடம் மரச்சிற்பம். பிறகு திருமணம், திருச்செங்கோடு. கணவருக்கு நூற்பாலையில் வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். சங்ககிரி சாலையில் ஒரு மரப்பட்டறையில் ஆள் தேவை என்று தெரிந்து போய்ச் சேர்ந்தேன். இரண்டு வருடம் கட்டில் தலைமாட்டுக்குப் பூ, ஊஞ்சல் பலகைக்கு இலை, கதவு ஓரத்துக்குக் கொடி. பிறகு மகள் பிறந்தாள். அவளுக்கு ஒன்பது மாதம் ஆனதும் மறுபடி உளியைப் பிடித்தேன். என் நாத்தனார், நான் நங்கையா என்று கூப்பிடுகிற என் கணவரின் அக்கா, அடுத்த வீட்டில் இருந்ததால்தான் அது முடிந்தது. முதல் வாரம் முழுக்க ஒரு மணிக்கு ஒரு தடவை அவருக்குப் போன் செய்தேன். எட்டாம் நாள் அவர், "பாப்பா தூங்குதம்மிணி. நீ போன் பண்ணிப் பண்ணித்தான் எந்திரிக்குது" என்று சொன்ன பிறகு நிறுத்தினேன்.

பட்டறை முதலாளி பழனியப்பன் அண்ணன். வயதில் என்னைவிடப் பத்து வருடம்தான் பெரியவர். லாரிக்கு பாடி கட்டுகிற தொழிலில் இருந்து, மரத்தின் இடத்தில் இரும்பு வந்த பிறகு கதவுக்கு மாறியவர். அவருக்குச் செதுக்கத் தெரியாது. நான் செய்கிற வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்று எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொல்வார். ஆனால் மரத்தைத் தெரியும். ஒரு பலகையின் மேல் கட்டைவிரல் நகத்தைத் திருப்பி வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டு, இழைத்தது போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். அவரிடம் இன்னொரு குணம், கோபம் வந்தால் மரியாதை ஏறும். சாதாரணமாக, "இதப் புடி" என்பவர், கொஞ்சம் எரிச்சலாக இருந்தால், "இதப் புடிங்க" என்பார். நிஜமாகவே கோபம் என்றால், "இதக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களாங்க" என்று வரும். அந்தக் குரலைக் கேட்டால் பட்டறையில் ரம்பம் ஓட்டுகிறவர்கூட மெஷினை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

நான் மறுபடி வேலைக்குப் போய் ஆறேழு மாதம் ஆனபோது, அவரிடம்தான் சரஸ்வதி அக்கா வந்தார். போர் போடுகிற ரிக் லாரி இரண்டு வைத்திருக்கிற குடும்பம். கணவர் வருடத்தில் ஒன்பது மாதம் வெளி மாநிலத்தில் வண்டியோடு இருப்பார். டீசல், ஆள், உதிரி சாமான் எல்லாம் இங்கிருந்து போனிலேயே நடத்துகிறவர் சரஸ்வதி அக்கா. புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவாசலுக்கு இரட்டைக் கதவு வேண்டும், இரண்டிலும் மேலிருந்து கீழ் வரை செதுக்க வேண்டும், மரம் அவர்களுடையது. அவருடைய அப்பா கிணற்று மேட்டில் வைத்து வளர்த்த தேக்கு. வெட்டி அறுத்து இரண்டு வருடம் நிழலில் காயவைத்திருந்தார்கள்.

"மயிலு எல்லார் ஊட்லயும் இருக்குது. யானையும் வேண்டாம். எங்க பொழப்பே தண்ணிதான். தண்ணியில இருந்து வாரது ஏதாச்சும் போடு, கண்ணு" என்றார் என்னிடம்.

நான் பதினொரு மாதிரி வரைந்துகொண்டு போனேன். அவர் முதல் தாளை எடுத்து, "இது நல்லாருக்குது" என்று சொல்லிவிட்டு மற்ற பத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அடியில் குளம், குளத்தில் மீன்கள். அங்கிருந்து தாமரைத் தண்டுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஆறடி உயரத்துக்கு ஏறுகின்றன. வழியில் இலைகள், மொட்டுகள். உச்சியில் மலர்ந்த பூக்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரே பலகை. அகலம் ஒன்றரை அடி, இழைத்த பிறகு கனம் இரண்டு அங்குலம். இன்னும் மெலிதாக எடுக்கலாம் என்று அண்ணன் சொன்னதற்கு, "தலவாசக் கதவுன்னா தள்ளறப்பத் தெரியோணும்" என்று சரஸ்வதி அக்கா மறுத்துவிட்டார். அந்த மரத்தில் அவ்வளவு அகலத்துக்குப் பழுதில்லாத பலகை இரண்டே இரண்டுதான் தேறின.

"தனியா நீதான் பண்ணோணும். முடியுமா அம்மிணி?" என்றார் அண்ணன். இதைச் சரியாக முடித்தால் இனிமேல் பெரிய வேலைகளை என் பேரிலேயே எடுக்கலாம் என்றும், இல்லையென்றால் கட்டில் பூவே போதும் என்றும் அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது. முடியும் என்றேன். வீட்டுக்கு வந்து, முடியாது என்று சொல்லியிருக்கலாமோ என்று மூன்று நாள் யோசித்தேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் தலைவாசலுக்கு மரம் வைத்தால், அது காட்டில் நின்ற மாதிரியே நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. மாற்றி வைத்தால் அந்த வீட்டில் எதுவும் விருத்தியாகாது என்பார்கள். அறுத்து வந்த பலகையில் எது வேர்ப்பக்கம் என்று பார்த்ததும் தெரியாது. அதற்கு அண்ணன் ஒரு முறை வைத்திருந்தார். தரையில் ஓர் இரும்புக் குழாயைப் போட்டு, பலகையின் சரிபாதி அதன்மேல் வருகிறமாதிரி வைப்பார். "எல்லாரும் கைய எடுங்க" என்பார். பலகை இப்படியும் அப்படியும் இரண்டு தடவை ஆடிவிட்டு ஒரு பக்கம் தாழும். தாழ்கிற பக்கம் கனம் அதிகம், அதுதான் வேர்ப்பக்கம். பிறகு கணுவைப் பார்த்து உறுதிசெய்வார். கிளை மேல்நோக்கித்தானே முளைக்கும், அதனால் கணுவின் சாய்வும் நுனிப்பக்கம் இருக்கும். இரண்டும் ஒத்துவந்தால் நீலச் சாக்பீஸில் நுனியைப் பார்த்து ஓர் அம்புக்குறி போடுவார். அதன் பிறகுதான் மற்ற வேலை.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. கல்லூரிப் பழக்கம். எல்லாவற்றையும் எழுதுவேன். பலகைகளை இழைப்பு மெஷினில் விட்டால் சாக்பீஸ் குறி போய்விடும் என்பதால், கிடக்கிற நிலையைப் பார்த்து, பட்டறை வாசலை அடையாளமாக வைத்து முன்கூட்டியே எழுதிக்கொண்டேன்: "வலது, வேர்ப்பக்கம் வாசலைப் பார்த்து. இடது, வேர்ப்பக்கம் வாசலைப் பார்த்து."

வலது பலகை இழைத்து வந்தபோது கூடவே நின்று மறுபடி குறி போட்டேன். ஐம்பது நாள் செதுக்கினேன். நன்றாகவே வந்தது. இடது பலகை மெஷினுக்குப் போன அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று நங்கையா போன் செய்தார். மத்தியானமே கிளம்பிவிட்டேன். ஒரு நாள் கழித்து வந்தபோது, பலகை பளபளவென்று இழைத்து மேசைமேல் கிடந்தது. தூக்கிவந்து போட்டவர்கள் தங்கள் வசதிக்குத் தலைமாற்றிப் போட்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பலகையைப் பத்திரமாகத் தூக்குவதுதான் அவர்கள் வேலை. நான் நோட்டைப் பார்த்தேன். வேர்ப்பக்கம் வாசலைப் பார்த்து. மறுபடி பார்த்தேன். ஒரு சந்தேகத்துக்கு மூன்றாவது தடவையும் பார்த்தேன். மூன்று தடவை நோட்டைப் பார்த்தவள் ஒரு தடவைகூட மரத்தைப் பார்க்கவில்லை. வாசல் பக்கத்து முனையில் குளத்தை வரைந்துவிட்டேன்.

முப்பத்தெட்டு நாள் செதுக்கினேன். முதல் கதவில் கற்றுக்கொண்டதெல்லாம் இதில் சேர்ந்தது. மீனின் வாலுக்கு அடியில் கூடுதலாகக் குடைந்து எடுத்து, மீன் பலகையை விட்டு வெளியே வருவதுபோல வைத்தேன். அண்ணன் கடந்து போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார். அவரிடம் அது பெரிய பாராட்டு.

கிரகப்பிரவேசத்துக்குப் பதினான்கு நாள் இருந்தது. சட்டத்தில் மாட்டுவதற்கு முன்னால் இரண்டையும் சேர்த்து நிறுத்திப் பார்க்கலாம் என்று சுவரோரம் நிற்கவைத்தார்கள். எல்லோரும் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்பக்கம் வெடிப்பு ஏதாவது இருக்குமோ என்று கவலை. சுவரில் சாய்த்திருந்ததால் அது தெரியவில்லை, அதனால் திருப்பச் சொன்னேன். வெடிப்பு இல்லை. வலது பலகையின் பின்பக்கத்தில் மரத்தின் ரேகைகள் விளக்குச் சுடர் போல மேல்நோக்கிக் கூம்பியிருந்தன. இடது பலகையில் அதே சுடர்கள் தரையைப் பார்த்துக் கூம்பியிருந்தன. ஓரத்தில் கடலை அளவில் ஒரு கணு. அதுவும் கீழே சாய்ந்திருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நான் மட்டும் அங்கேயே நின்றேன். ஒருவேளை ரேகை ஏமாற்றுகிறதோ? குழாயில் வைத்துப் பார்க்கலாம் என்றால், செதுக்கி இவ்வளவு மரத்தை எடுத்த பிறகு எடை பார்த்து என்ன பயன்? ஆனால் கணு பொய் சொல்லாது. கிளை எங்கேயும் பூமியைப் பார்த்து முளைப்பதில்லை.

டீ வேளையில் அண்ணனிடம் சொன்னேன். "அண்ணா, இடது பலகை தலைகீழுங்ணா."

அவர் டீ டம்ளரை வைத்தார். எழுந்து வந்தார். கணுவின் மேல் நகத்தை வைத்துப் பார்த்தார். ரேகையைத் தடவினார்.

"எப்பங்க பாத்தீங்க?"

"மத்தியானமுங்க."

"நோட்டுல எழுதி வெச்சிருந்தீங்களேங்க."

"எழுதியிருந்தனுங்க. பலகைய மாத்திப் போட்டதப் பாக்கலீங்க."

"சரிங்க" என்றார். ரம்பம் ஓட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டார். அண்ணன் என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தே சொன்னார்: "ரெண்டு கை கருப்பு வாணீஸ் போட்டா பின்பக்கம் எனக்கே தெரியாதுங்க. அவியளுக்கு எங்கீங்க தெரியப் போவுது? கதவு உங்குளுதுங்க. நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

அவர் என்னைச் சோதித்தாரா, நிஜமாகவே வார்னிஷ் அடித்து மறைக்கச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை.

மறுநாள் காலையில் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவரிடம் சொன்னேன்.

"உனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை இருக்குதா?" என்றார்.

"தெரீல."

"இல்லீன்னா உட்டுரு. யாருக்கும் தெரியாதுன்னுதான் உங்க மொதலாளியே சொல்றாரே."

"எனக்கு இருக்குதா இல்லையாங்கறது இல்லீங்க. அவங்களுக்கு இருக்குதே. அவங்க ஊடு."

அவர் கொஞ்ச நேரம் காபியை ஆற்றினார். "அப்பறம் எதுக்கு என்னையக் கேக்கற? போயிச் சொல்லிட்டு வா" என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப்போனார்.

சரஸ்வதி அக்கா புது வீட்டில் நின்று டைல்ஸ் வேலையைப் பார்த்துக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தார். "தண்ணி வரலைன்னா இன்னும் எறக்கறதா, எடத்த மாத்தறதான்னு அங்க நிக்கற நீதான் சொல்லோணும். என்னையக் கேட்டா எனக்கு இங்கிருந்து தெரியுமா?" போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன கண்ணு, முகம் இப்பிடி இருக்குது? பாப்பாவுக்கு மறுக்காக் காச்சலா?"

வழியெல்லாம் பேருந்தில் நான் தயார்செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "இடது கதவு தலைகீழா செதுக்கிட்டேனுங்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் உடனே கிளம்பி என்னோடு பட்டறைக்கு வந்தார். பலகையின் பின்பக்கத்தில் அவருக்குக் கணுவைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். அதைத் தொட்டார்.

"எங்கப்பன் கொடத்துல தண்ணி தூக்கி ஊத்தி வளத்த மரம். அதப் போயி என்ற ஊட்டு வாசல்ல தலைகீழா நிறுத்தறதா?" குரல் உயரவில்லை. "வேற பலகை?"

"அந்த அகலத்துக்கு இல்லீங்க" என்றார் அண்ணன்.

"நீ சொல்லாமப் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க்கா" என்றேன்.

"அப்பறம் ஏன் சொன்ன?"

"நாளைக்கு உங்க ஊட்ல ஆருக்காச்சும் ஒரு தலைவலின்னாக்கூட, இதனாலதானோன்னு நான் நெனச்சுட்டே கெடப்பேனுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்ப எனக்காகச் சொல்லல. நீ நிம்மதியா இருக்கறதுக்காகச் சொல்லியிருக்கற."

அந்த வார்த்தை சுருக்கென்று பட்டது. பாதிக்கு மேல் உண்மை. ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு காரியமும் நடந்தது. சொன்னதோடு என் கடமை முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை; என் தப்பை அவர் மடியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். போட்டதை எடுக்க வேண்டியவளும் நான்தான்.

பலகையின் விளிம்பைப் பார்த்தேன். இரண்டு அங்குலம்.

"பலகையத் திருப்பி வேர்ப்பக்கத்தக் கீழ கொண்டாந்துட்டு, பின்பக்கத்துல புதுசாச் செதுக்கறேனுங்க்கா. அது வெளிய வரும். இப்ப இருக்கறது உள்பக்கம் போயிரும்."

"பன்னெண்டு நாளுங்க அம்மிணி" என்றார் அண்ணன்.

"ஆமாங்க."

"இதுக்கு முப்பத்தெட்டு நாள் ஆச்சுங்க."

"ஆமாங்க."

"ஏனுங்ண்ணா, அந்தப் புள்ள பண்றேங்குது. நீங்க நாள எண்ணிட்டு இருக்கறீங்க" என்றார் சரஸ்வதி அக்கா. "உள்பக்கம் தலைகீழாத் தெரியுமே, அத என்ன பண்றது?" அதன்மேல் தேக்கு ஒட்டிய பிளைவுட் அடித்து மூடிவிடலாம் என்றார் அண்ணன். சரி என்று அக்கா போய்விட்டார். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அந்தப் பன்னிரண்டு நாளை இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. காகிதத்தில் வரைந்து படியெடுக்க நேரமில்லை. பலகையிலேயே சாக்பீஸால் நேராக வரைந்தேன். அழித்து வரையவும் நேரமில்லை. ஒரு தண்டு எங்கே வளைய வேண்டும் என்று யோசிப்பதற்குள் உளி வளைத்துவிட்டிருந்தது. காலை எட்டு மணிக்கு மகளை நங்கையாவிடம் விட்டுவிட்டு வருவேன். மத்தியானம் நங்கையாவே அவளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுவார். நான் ஊட்டிவிடுவதற்குள் அவர் மரச்சுருள்களைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, "என்னம்மிணி, நேத்தைக்கும் இன்னிக்கும் ஒரு எலதான் கூடியிருக்குது" என்று கணக்குச் சொல்வார். இரண்டு இலை கூடியிருக்கும். ஒன்றை அவர் எப்போதும் விட்டுவிடுவார்.

பெரிய பயம் ஆழத்தில்தான். மரவேலையில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். பலகை பதினாறு நூல். முன்பக்கம் நான் எட்டு நூல் ஆழம் எடுத்திருந்தேன். மிச்சம் எட்டு. அதில் ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்று அண்ணன் சொன்னார். என் உளிகள் எல்லாவற்றிலும் முனையிலிருந்து ஐந்து நூல் அளவில் சிவப்பு டேப் சுற்றினார். டேப் மரத்தைத் தொட்டால் நிறுத்த வேண்டும். தன் வேலையை விட்டுவிட்டு மத்தியானங்களில் எனக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கையில் அளவுகோல். நான் கொட்டாப்புளியால் உளியை அடிக்க, அவர் பள்ளத்தை அளந்து சொல்லிக்கொண்டே வருவார். "மூணு. மூணரை. நாலு. மெல்ல. நாலேமுக்கால். போதும், போதும்." முதல் நான்கு நாள் 'மெல்லங்க' என்று சொன்னவர் ஐந்தாம் நாள் 'மெல்ல' என்று சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் உச்சிப் பூவுக்கு வந்தேன். அதன் நேர் மறுபக்கம்தான் முன்பு செதுக்கிய குளமும், ஆர்வக்கோளாறில் நான் குடைந்து எடுத்த மீன்வாலும் இருந்தன. அங்கே எவ்வளவு ஆழம் போயிருந்தேன் என்று நோட்டில் இல்லை. பூவின் நடுவில் இரண்டு தட்டுத் தட்டினேன். சத்தம் மாறியது. மூன்றாவது தட்டில் உளி சற்றே வழுக்கியது. கையை எடுத்துப் பார்த்தால், பூவின் நடுவில் கடுகளவு வெளிச்சம்.

அண்ணன் பார்த்தார். நான் பார்த்தேன். அவர் எழுந்து போய் அதே தேக்கின் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்து, தீக்குச்சி மாதிரி சீவி, ரேகை பொருந்தத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பசை தடவிச் செருகினார். காய்ந்ததும் அதன்மேல் நான் தாமரையின் நடுவில் விதை இருக்கிற பொகுட்டைச் செதுக்கினேன். அது எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய நாள் கதவு நின்றது. வலது கதவு ஐம்பது நாள் வேலை, இடது கதவு பன்னிரண்டு நாள். வலதில் ஒவ்வொரு இதழும் ஒழுங்காக இருந்தது. இடதில் ஆழம் குறைவு, ஆனால் தண்டுகள் நிஜமாகவே ஏறின. எனக்கே தெரிந்தது. ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அவ்வளவு யோசித்துச் செய்தது இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டதே.

உள்பக்கத்து பிளைவுட்டை அளவெடுத்து வெட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். பால் காய்ச்சுவதற்கு முன்னால் தலைவாசல் கதவில் ஆணி அடிக்க வேண்டாம் என்று சரஸ்வதி அக்கா சொல்லிவிட்டதால், அது சுவரோரம் சாய்ந்து நின்றது. விழா முடிந்ததும் அடித்துவிடலாம் என்று அண்ணனும் ஸ்குரூ டிரைவரோடு வந்திருந்தார்.

விடிகாலையில் ஹோமம், பசு, பால் எல்லாம் ஆனது. சொந்தக்காரர்கள் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சரஸ்வதி அக்காவின் கணவர் வெளி மாநிலத்திலிருந்து முந்தைய நாள்தான் வந்திருந்தார். உள்ளே வந்து திரும்பிப் பார்த்தவர், "ஏனம்மிணி, உள்ளுக்கு மீனெல்லாம் மேல இருக்குது, பூவெல்லாம் கீழ தொங்குது? கதவக் கவுத்தி மாட்டிட்டாங்களா?" என்று மனைவியிடம் சத்தமாகவே கேட்டார். நான்கைந்து பேர் திரும்பினார்கள். சரஸ்வதி அக்கா, "போயிச் சாப்புடுங்க. எல ஆறுது" என்றார்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். அவள் இறங்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். இறக்கிவிட்டேன். கூடத்தில் நான்கு எட்டு நடந்தாள். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பிறகு அந்த வயதுக் குழந்தைகள் செய்வதுபோல, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பின்னால் பார்த்தாள்.

"மீனு" என்றாள்.

பெண்களெல்லாம் சிரித்தார்கள். "குனிஞ்சு பாக்குது பாரு, தம்பிப் பாப்பா வரப் போறான்" என்று ஒருவர் என்னை இடித்தார். வந்தான், இரண்டு வருடம் கழித்து. அதற்கும் கதவுக்கும் சம்பந்தமில்லை.

மகள் எழவில்லை. அப்படியே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மீனு. பூவு. இன்னொரு மீனு. சரஸ்வதி அக்கா கையில் வெற்றிலைத் தட்டோடு வந்தவர் நின்றார். அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, பட்டுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி தலையைப் பக்கவாட்டில் எவ்வளவு சாய்க்க முடியுமோ அவ்வளவு சாய்த்தார்.

அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"இது இன்னும் ஆழமாவல்ல இருக்குது" என்றார் யாரிடம் என்றில்லாமல். பிறகு நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பழனியப்பண்ணா, அந்தப் பலகைய வண்டியில போட்டுக் கொண்டுட்டுப் போயிருங்க. மூட வேண்டாம்" என்றார்.

"தலைகீழா இருக்குதுன்னு ஆராச்சும் கேப்பாங்களேங்க" என்றார் அண்ணன்.

"கேட்டாக் குனிஞ்சு பாக்கட்டும். மரம் நேராத்தான நிக்குது."

அண்ணன் பிளைவுட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். சரஸ்வதி அக்கா என் பக்கத்தில் வந்து, "பாத்தியா நீ?" என்றார். நான் முப்பத்தெட்டு நாள் பார்த்தது அது. அதைச் சொல்லாமல், அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் செய்த மாதிரியே குனிந்து தலையைச் சாய்த்தேன்.

குளம் கீழே வந்தது. மீன்கள் அதனதன் இடத்துக்கு வந்தன. தண்டுகள் ஏறின. கீழிருந்து மூன்றாவது மொட்டு மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அப்போது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை.

"நல்லாருக்குதா?" என்றார்.

மொட்டைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"நல்லாருக்குதுங்க்கா" என்றேன்.